ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆன எஞ்சின்

பழைய வள்ளம் விற்கிறவர் முதலில் செய்வது கயிற்றை இழுத்துக் காட்டுவதுதான். வள்ளம் மணலில் கிடக்கும். எஞ்சினின் அடிக்கால் ஒரு நீல டிரம்முக்குள் இறங்கியிருக்கும், டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர். "பாருங்க அண்ணாச்சி, ஒரே இழுப்பு" என்பார். இழுப்பார். எஞ்சின் படபடவென்று எழுந்துகொள்ளும். சுற்றி நிற்கும் நாலு பேர் தலையாட்டுவார்கள், வாங்க வந்தவருக்கு மனசு இளகிவிடும்.

அந்த ஒரு இழுப்பு நமக்கு என்ன சொல்கிறது? பிளக்கில் பொறி வருகிறது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகிறது, சிலிண்டரில் ஓரளவு அழுத்தம் இருக்கிறது. அவ்வளவுதான். பாரம் ஏற்றி, முழு வேகத்தில், ஒரு மணி நேரம் கடலில் ஓடினால் இதே எஞ்சின் என்ன செய்யும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதிலும் நீங்கள் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதைச் சூடாக்கி வைத்திருந்தால், அந்த இழுப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆகையால் நான் போனதும் முதலில் பேச்சுக்கு நின்றுகொண்டே மூடியின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால், "சரி, சாயங்காலமா வாறேன், அதுவரை தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்.

இதை எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். வளைகுடாவில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன், உவரிப் பக்கம் ஒரு வள்ளம் விலைக்கு வருகிறது என்று கூப்பிட்டான். 28 அடி ஃபைபர். 25 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின். கணவாய் மீனுக்கும் தூண்டிலுக்கும் போகிற வள்ளம், அந்தக் கரையில் ஓட்டத்துக்குப் பேர்போனது. தூரத்துப் பாரிலிருந்து, அதாவது கடலடிப் பாறைத் திட்டிலிருந்து, முதலில் கரை சேர்கிறவனுக்கு ஏலத்தில் விலை கிடைக்கும் என்பதால் ஓட்டத்துக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. "வள்ளம் சூப்பரா இருக்குண்ணே, எஞ்சின்தான் கொஞ்சம் சந்தேகமா இருக்கு" என்றான். நான் ஐடிஐயில் மெக்கானிக் படித்து, அவுட்போர்டுகளோடு சில வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டான்.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: சந்தேகமான எஞ்சின் என்றால் அதன் விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பி. வள்ளத்துக்கு மட்டும் விலை பேசு. எஞ்சின் தன்னைத் தானே நிரூபித்தால், நிரூபித்த அளவுக்கு மேலே காசு போடு. இது கஞ்சத்தனம் போலத் தெரியும். ஆனால் நம் கரையில் ஓடிய எஞ்சினுக்கு இதைவிடப் பாதுகாப்பான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை என்று போகும் நம் கடற்கரையில் வள்ளம் கட்டிப்போட அமைதியான துறைமுகம் கிடையாது. சில ஊர்களில் தூண்டில் வளைவு என்கிற கல் தடுப்புச் சுவர் வந்திருக்கிறது. மற்றபடி அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். வருகிற வள்ளம் மணலில் மோதி ஏறும், டிராக்டர் இழுத்து மேலே போடும். அந்தக் கடைசி முப்பது நாற்பது அடியில் எஞ்சின் குடிப்பது தண்ணீர் அல்ல, மணல் கரைசல்.

அது சாதாரண மணலும் அல்ல. கரையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு கோடாகக் கிடக்கிறதே, அது கார்னெட்டும் இல்மனைட்டும். இந்தத் தாது மணலை அள்ளுவதைத்தான் 2013ல் அரசு தடை செய்தது. கார்னெட்டை எதற்கு வாங்குகிறார்கள்? இரும்பில் துருவையும் பழைய பெயிண்டையும் உரித்தெடுக்கக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவதற்கு, உப்புத்தாள் செய்வதற்கு. மோ கடினத்தன்மை அளவில் அது 6.5 முதல் 7.5 வரை வரும். அலுமினியம் 3ஐக்கூட எட்டாது. எஞ்சினின் பெரும்பகுதி அலுமினியம். தண்ணீர் பம்புக்குள் சுற்றுவது ரப்பர். உலகமே தேய்ப்பதற்கென்று வாங்குகிற பொருள் நம் எஞ்சினுக்குள் தினமும் இரண்டு முறை போய் வருகிறது.

அந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி எஞ்சின்களின் சாவு அங்கேதான் தொடங்குகிறது. அவுட்போர்டுக்குக் கார் மாதிரி ரேடியேட்டர் இல்லை. கடல்நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. அடிக்காலில், புரொப்பல்லருக்கு மேலே, இம்பெல்லர் என்று ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அதன் இதழ்கள் மடங்கி மடங்கிச் சுற்றித் தண்ணீரை மேலே தள்ளும். அது சிலிண்டரைச் சுற்றிப் போய்ப் புகையோடு வெளியேறும். அதில் ஒரு பங்கு மட்டும் பக்கவாட்டில் சின்னத் தாரையாக விழும். தாரை விழுந்தால் பம்பு வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, தாரை நன்றாக விழுந்தாலும் எஞ்சின் உள்ளே வேகலாம் என்பது. தாரைக்கு வரும் குழாய் சுத்தமாக இருக்கும், சிலிண்டர் தலையைச் சுற்றியுள்ள வழிகள் உப்பால் அடைத்திருக்கும். நேர்மாறாகவும் நடக்கும்: எஞ்சின் நன்றாகக் குளிரும், தாரைத் துளையில் மட்டும் மணல் அடைத்திருக்கும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அதனால் நான் தாரையைப் பார்ப்பதோடு விடமாட்டேன், தலையைத் தொட்டுப் பார்ப்பேன். சின்ன அவுட்போர்டுகளில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 50 டிகிரியிலேயே திறக்க ஆரம்பிக்கும். கார் எஞ்சினைவிட இது மிகவும் குறைவு, காரணத்தோடுதான் குறைவு. கடல்நீர் 60 டிகிரியைத் தாண்டினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வேகமாகப் படிய ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷம் ஓடிய பிறகு சிலிண்டர் தலையில் கை வைத்தால் ஓரிரு நொடி தாங்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுர்ரென்றால் எழுந்து வந்துவிடலாம். கை வைத்தால் ஜில்லென்று இருந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். எஞ்சின் சூடாகிறது என்று புகார் வந்ததும் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுவது நம் பக்கத்தில் பழைய வைத்தியம். அப்படி ஓடும் எஞ்சின் எப்போதும் குளிராகவே இருக்கும், எரிபொருள் முழுதாக எரியாது, கரி படியும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கிறது. ராதாபுரம் தாலுகாவில் குடிக்கவே தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்கள் உண்டு. அங்கே யார் எஞ்சினுக்குத் தினமும் ஒரு டிரம் நல்ல தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? "டெய்லி வாஷ் பண்ணுவோம்" என்று விற்கிறவர் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அடிக்காலில் திருகியிருக்கும் அனோடைப் பார்ப்பேன். உப்புத்தண்ணீர் எஞ்சினைத் தின்னாமல் தன்னைத் தின்னட்டும் என்று பலிகடாவாக வைத்திருக்கும் உலோகத் துண்டு அது. அது பாதி கரைந்திருந்தால் நல்ல அடையாளம், தன் வேலையைச் செய்திருக்கிறது. முழுக்கக் கரைந்து பல நாள் ஆகியிருந்தால் அதற்குப் பின் உப்பு எஞ்சினைத்தான் தின்றிருக்கும். அனோடின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் எஞ்சினைப் பராமரித்தவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம், பெயிண்டுக்குக் கீழே அது வேலை செய்யாது.

பெயிண்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. பளபளவென்று புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய எஞ்சினைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சிலிண்டர் தலையில் பழைய பெயிண்ட் கொப்புளித்துக் கருகியிருந்தால் எஞ்சின் ஒரு தடவை நன்றாகச் சூடேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். புதுப் பெயிண்ட் அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, முங்கியதா? அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் கடலுக்குள் போவது நம் கரையில் அதிசயம் அல்ல. விற்கிறவர் "ஒரு தடவைகூட முங்கல" என்பார். நான் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்பேன்: "முங்குனப்ப எத்தனை மணி நேரத்துல திரும்ப ஓட வச்சீங்க?" பாதிப் பேர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். முங்கியதே பெரிய குற்றம் இல்லை. முங்கி எடுத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட வைத்த எஞ்சின் இன்னும் பல வருஷம் ஓடும். முங்கி எடுத்து மறுநாள் மெக்கானிக் வரட்டும் என்று வெயிலில் போட்டு வைத்த எஞ்சின்தான் தீர்ந்தது. உப்பும் காற்றும் சேரும்போதுதான் துரு பாய்ச்சலாகப் பாயும். உடனே பிரிக்க முடியாது என்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக்கவே அமிழ்த்தி வைப்பது மேல், காற்றில் வைப்பதைவிட. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் சரி.

டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம். கனெக்டிங் ராடின் அடியில் ஊசி பேரிங்குகள் இருக்கின்றன, அவற்றுக்கு வரும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து வருவது மட்டுமே. அந்த ஊசிகளில் ஒரு புள்ளி துரு விழுந்தால் போதும். கரையில் டிரம்மில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் ஒருநாள் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முங்கிய எஞ்சினைக் கண்டுபிடிக்கக் கயிறு சுற்றும் மூடியைக் கழற்றி ஃப்ளைவீலுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே யாரும் துடைக்கமாட்டார்கள். வெள்ளைப் பொடி, வயர் முனைகளில் பச்சை, துருப்பிடித்த காந்தம், எல்லாம் அப்படியே இருக்கும்.

இனி பிளக். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை. ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது, கேஸ்கெட் போயிருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகிப் பறந்த அலுமினியம். இரண்டும் புத்தம் புது பிளக்காக இருந்தால்? பழசு எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கரையிலேயே எங்காவது கிடக்கும்.

பிளக் துளையில் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, வேகம் கூட்டும் திராட்டிலை முழுக்கத் திறந்து, கயிற்றை நாலைந்து முறை இழுக்க வேண்டும். கணக்கு எளிது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேஜுக்குக் கேஜ் எண் மாறும், அதனால் தனி எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். தம்பி பார்த்த எஞ்சினில் ஒன்று 110 பிஎஸ்ஐ, இன்னொன்று 85. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சுத்தம் செய்தால் போய்விடும். சிலிண்டரே கீறல் விழுந்திருக்கலாம், அப்படியென்றால் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய வேண்டும். எது என்று பிரித்தால்தான் தெரியும், பிரிக்கிற செலவு யாருடையது என்பதுதான் பேரம். இப்போது சில நூறு ரூபாய்க்குச் செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா கிடைக்கிறது. பிளக் துளை வழியாக விட்டால் சிலிண்டர்ச் சுவர் தெரியும். அதையும் விட்டுப் பார்த்தோம், மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள்.

இங்கே ஒரு தந்திரம் சொல்லிவைக்கிறேன். நீங்கள் வருவதற்குமுன் பிளக் துளையில் இரண்டு ஸ்பூன் கெட்டி எண்ணெய் விட்டால் கம்ப்ரெஷன் சட்டென்று ஏறிக் காட்டும். ரிங்கின் இடைவெளியை எண்ணெய் அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றும்போது எண்ணெய் சொட்டினால், எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி அதை எரித்துவிட்டுத் திரும்ப அளவெடுங்கள். அப்புறம், கம்ப்ரெஷன் நன்றாக இருந்தாலும் டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல் போயிருக்கலாம். அதை எந்தக் கேஜும் காட்டாது. மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறும், சோக்கை லேசாக இழுத்தால் சரியாகும். அது கார்புரேட்டர் கோளாறாகவும் இருக்கலாம், சீலாகவும் இருக்கலாம். விற்கிறவர் எப்போதும் கார்புரேட்டர் என்றுதான் சொல்வார்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினா என்றும் கேட்க வேண்டும். மானிய மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்த மாடல்கள் உண்டு, யமஹாவும் சுசுகியும் அப்படி விற்றிருக்கிறார்கள். அவற்றைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெட்ரோலுக்கு வர வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பசியோடு கரைக்கு வருகிறவர் தினமும் செய்வாரா? பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருந்தால் கதை இன்னும் மோசம், பிஸ்டனில் அடி விழுந்திருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெயில் எரிபொருள் வாடை அடித்து, அளவும் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அந்த எண்ணெய்க்கு வழவழப்பு போய்விட்டது.

அடிக்காலின் கியர் எண்ணெயைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும், ஆனால் பத்தில் எட்டுப் பேர் பார்ப்பதில்லை. கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தி, முதலில் வருகிற நாலு சொட்டை விரலில் எடுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில்தான் நிற்கும். பால் டீ நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது. காரணம் பெரும்பாலும் நாம் வீசும் நரம்புதான். அறுந்த தூண்டில் நரம்போ வலைத் துண்டோ புரொப்பல்லர் தண்டில் சுற்றி, சூடேறி உருகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினில் புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்குவது, அரிசி மூட்டையைப் பிரிக்காமல் வாங்குகிற மாதிரி. தம்பி பார்த்த எஞ்சினில் தண்டைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குப் பச்சை நரம்பு. எண்ணெய் பால் டீ.

இவ்வளவும் கரையில். கடலில் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. அதுவும் ஆளில்லாத வள்ளத்தில் அல்ல. நாலு பேர், ஐஸ் பெட்டி, வலை, முழு கேன் பெட்ரோல் என்று தொழிலுக்குப் போகிற பாரத்தோடு. முக்கால் மணி நேரமாவது முழு வேகம். கையேட்டில் முழு திராட்டிலுக்கு ஒரு சுற்று வரம்பு போட்டிருப்பார்கள், பல எஞ்சின்களுக்கு அது நிமிஷத்துக்கு 5,000ஐ ஒட்டித் தொடங்கும். பிளக் வயரில் சுற்றும் சின்ன மீட்டர் இருந்தால் அளக்கலாம். அதை எட்டாமல் திணறினால் எஞ்சின் பலம் குறைந்திருக்கலாம், இல்லை புரொப்பல்லர் தப்பாக இருக்கலாம். சுற்று ஏறுகிறது, வள்ளம் ஏறவில்லை என்றால் புரொப்பல்லரின் ரப்பர் மையம் வழுக்குகிறது. செல்போன் ஜிபிஎஸ்ஸில் போகும்போது ஒரு வேகம், வரும்போது ஒரு வேகம் எழுதிச் சராசரி எடுங்கள், நீரோட்டம் ஏமாற்றாது. நின்ற நிலையிலிருந்து சட்டென்று முறுக்கிப் பாருங்கள். கியர் தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் கடகடவென்று தாவும். கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா மிதந்துகொண்டிருங்கள். அந்தச் சூட்டில் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? நிறைய எஞ்சின்கள் குளிரில் சொக்கத் தங்கம், சூட்டில் மண்ணு.

எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். உவரியிலோ கூத்தங்குழியிலோ நின்று பாருங்கள், நம் கரை தென்கிழக்கே பார்த்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று, கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. ஆனி, ஆடியில் எஞ்சின் நின்றுபோன வள்ளத்தைக் காற்று கரைக்குத் தள்ளாது, வெளியே தள்ளும். அந்தக் காலத்தில் கட்டுமரத்தில் பாய் இருந்தது, கையில் துடுப்பு இருந்தது. இன்றைய 28 அடி ஃபைபரை நாலு பேர் துடுப்புப் போட்டு கச்சானுக்கு எதிராகக் கரைக்குக் கொண்டுவர முடியாது.

வள்ளத்துக்கு வருகிறேன். விலை பேசப்போவது இதற்குத்தான் என்பதால் இதையும் கண்மூடி வாங்க முடியாது. முட்டத்தில் 1980களில் ஒட்டுப்பலகைப் படகு கட்டத் தொடங்கியதும், திருவனந்தபுரத்திலிருந்து சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பு அவுட்போர்டுகளையும் அவற்றுக்கான சர்வீஸையும் பரப்பியதும் தென்கோடிக் கரையின் தொழிலை மாற்றின. பிறகு ஃபைபர் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உதவியாகக் கொடுக்கப்பட்ட ஃபைபர் வள்ளங்கள் கரையெங்கும் குவிந்தன. அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் கட்டியவற்றில் ரெசின் கஞ்சத்தனமாகப் போட்டவையும் நிறைய. அவை இன்று இருபது வயதைத் தாண்டி, மூன்று நாலு கை மாறி, புதுப் பெயிண்டில் நிற்கின்றன. கட்டிய ஆண்டைக் கேளுங்கள். உச்சி வெயிலில் உள்ளே குனிந்து பக்கச் சுவரைப் பாருங்கள். வெளிச்சம் ஒரே சீராகக் கசிந்தால் கனம் ஒரே சீர், திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அங்கங்கே மெலிசு.

அதைவிட முக்கியம் எஞ்சின் மாட்டும் பின்பலகை. ஃபைபருக்குள் ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். எஞ்சின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் புகுந்தால் உள்ளே பலகை உளுத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக் என்று கணீரென்று வந்தது ஓரிடத்தில் தொப் தொப் என்றால் அங்கே உள்ளே ஈரம். எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பலகை அசையக் கூடாது. ஓட்டத்துக்குப் பேர்போன வள்ளம் என்றால் இதை இரண்டு முறை செய்யுங்கள். பத்து குதிரைத்திறனுக்குக் கட்டிய பின்பலகையில் 25ஐயும் 40ஐயும் மாட்டி ஓட்டம் காட்டியிருப்பார்கள். அந்த ஓட்டத்தின் விலையை அந்தப் பலகை கொடுத்திருக்கும். மிதப்புக்காக நுரை அடைத்த அறைகளில் தண்ணீர் ஊறியிருந்தால் வள்ளம் கனத்துவிடும். வழக்கமாக இழுக்கும் ஆட்களிடம் "முன்னைவிடக் கனமா இருக்கா?" என்று விசாரித்தால் உண்மை வரும். அவர்களுக்கு விற்பனையில் பங்கு இல்லை.

காகிதம் சீக்கிரம் முடிகிற வேலை. வள்ளத்தின் பதிவு எண், பதிவுச் சான்று, விற்கிறவர் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாறாவிட்டால் மானிய எரிபொருள் பழைய ஆள் கணக்கிலேயே நிற்கும். எஞ்சின் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டு எண்ணும் பில்லும் ஒத்துப்போக வேண்டும். தகடு இல்லாத எஞ்சினை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மானியத்தில் வாங்கிய எஞ்சின் என்றால், விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம்.

எப்போது வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை, மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்த நாளில் யாரும் ஓடுகிற வள்ளத்தை மலிவாகத் தரமாட்டார்கள். கச்சான் உரக்கும் ஆனி, ஆடியில் விலை இறங்கும், ஆனால் அப்போது கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலிவு நாள் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

தம்பி பார்த்தது மாசியில். வள்ளமும் எஞ்சினும் சேர்த்து மூன்று லட்சம் என்றார் விற்கிறவர். வள்ளம் உண்மையிலேயே நல்ல வள்ளம், பின்பலகை கணீரென்று இருந்தது. 85 பிஎஸ்ஐ, இரண்டு கோடு, பால் டீ எண்ணெய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வள்ளத்துக்கு மட்டும் ஒரு தொகை சொன்னோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுற எஞ்சினுக்குக் காசு இல்லையா வே?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆடி பிறந்து பத்து நாளில் அவரே கூப்பிட்டார். எஞ்சினைக் கழற்றித் தானே வைத்துக்கொண்டு, நாங்கள் சொன்ன தொகைக்குப் பத்தாயிரம் கூட்டி வள்ளத்தைக் கொடுத்தார். நாங்கள் டிராக்டரில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த எஞ்சின் வேறொரு நீல டிரம்மில் நின்றுகொண்டிருந்தது, பக்கத்தில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன.